உலகத்துக்கே அனுப்பிய லீவு லெட்டர்

கல்யாண வீட்டில் மொய் எழுதாதவன்தான் முதல் பந்தியில் உட்காருவான். சாம்பாரில் உப்பில்லை என்று சத்தம் போடுகிறவனும் அவனாகவே இருப்பான். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்வதில் மனிதனுக்கு இருக்கும் அக்கறை வேறு எதிலும் கிடையாது. என் கல்யாணத்துக்கு முந்தைய நாள்வரை அந்த வகை ஆட்களின் சங்கத்துக்கு நான்தான் தலைவர்.

மலேசியாவில், பூச்சோங்கில் ஒரு கார் அலங்காரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சின்னப் பெட்டிகள் செய்வோம். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அதற்கு வேண்டிய மென்பொருள் அத்தனையையும் திரட்டி, அந்தக் குட்டிப் பெட்டிக்குள் அடங்கும் ஒரே மூட்டையாகக் கட்டித் தர ஓர் இலவச பில்ட் சிஸ்டம் இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து உருவாக்கியது. சந்தேகம் வந்தால் அவர்களுடைய மின்னஞ்சல் குழுவுக்கு எழுதலாம். எழுதியது உறுப்பினர் எல்லாருக்கும் போகும், இணையத்திலும் எல்லார் பார்வைக்கும் நிரந்தரமாக நிற்கும். பதில் சொல்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் வேலையை முடித்து, பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு வந்து எழுதுகிறவர்கள். (நானோ அவர்களை ஃபோன் கம்பெனி கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எனக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை பில்டில் ஒரு அமைப்பை மாற்றினேன். பெட்டி பாதியில் நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு மீன் கம்பெனிக்கு அதை ஓட்டிக் காட்ட வேண்டும்.

"தம்பி, செவ்வா கெழம பெட்டி ஓடலன்னா ஒன் ஹனிமூன் லீவு கேன்சல் லா," என்றார் பாஸ் சுரேஷ். "நீயே மேருவுக்குப் போயி தெர்மாமீட்டரப் புடிச்சிக்கிட்டு நில்லு."

லங்காவித் தீவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வாணி, அதாவது மணப்பெண், அந்தப் பயணத்துக்காகவே தன் அலுவலகத்தில் வருடம் முழுக்க லீவு எடுக்காமல் இருந்தவள். தேன்நிலவு ரத்து என்று அவளிடம் போய்ச் சொல்வதைவிட மீன் கிடங்குக்குள் என்னைப் பூட்டிக்கொள்வது மேல்.

எனவே குழுவுக்கு எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. "அவசரம்! உங்கள் சிஸ்டம் கெட்டுப்போயிருக்கிறது. என் வாடிக்கையாளர் காத்திருக்கிறார். மலேசிய நேரம் மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்யவும்." எந்தப் பதிப்பு, எதை மாற்றினேன், திரையில் என்ன பிழை வந்தது, ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தின் அடியில் எங்கள் கம்பெனியின் வழக்கமான எச்சரிக்கை வேறு: இது ரகசியம், உங்களுக்கு உரியதல்ல என்றால் உடனே அழித்துவிடவும்.

ஹென்ரிக் என்ற நார்வேக்காரர் உடனே பதில் போட்டார். "எந்தப் பதிப்பு? கடைசியாக எதை மாற்றினீர்கள்?"

"நான் சீனியர் என்ஜினியர்," என்று எழுதினேன். (ஆபீஸில் என்னைத் தவிர வேறு என்ஜினியரே கிடையாது. அந்தக் கணக்கில் சீனியர்தான்.) மாற்றியது எதை என்பதை மட்டும் எரிச்சலோடு கடைசி வரியில் சேர்த்தேன். ஐந்து மணி ஆயிற்று, பதில் இல்லை. "இதெல்லாம் ஒரு சப்போர்ட்டா?" என்று பாஸிடம் காறித் துப்பாத குறையாகச் சொல்லிவிட்டு, கல்யாண வேலையைப் பார்க்கப் போனேன்.

போவதற்கு முன் இன்னொரு மேதாவித்தனம் செய்தேன். விடுப்பில் இருக்கிறேன் என்று தானாகப் பதில் அனுப்பும் வசதி எங்கள் மின்னஞ்சலிலேயே இருந்தது. ஆனால் அது ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் பதில் அனுப்பும். வாடிக்கையாளர் மறதிக்காரர், ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டாமா? மடிக்கணினியில் நானே ஒரு நிரல் எழுதினேன். வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போகும். பதிலில் என் லீவு விவரம், அவசரத்துக்கு பாஸின் கைப்பேசி எண், கூடவே கல்யாண அழைப்பு: மண்டபத்தின் முகவரி, மதியம் சைவ விருந்து, கார் நிறுத்த இடம் பின்புறம், சுற்றமும் நட்பும் சூழ வருக.

சனிக்கிழமை குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் நிரல் குழுவுக்குப் பதில் அனுப்பியது. குழுவுக்குப் போனது உறுப்பினர் எல்லாருக்கும் போகும் அல்லவா? நானும் உறுப்பினர். அது எனக்கே திரும்பி வந்தது. என் நிரல் அதற்கும் மரியாதையாக அழைப்பு வைத்தது. இப்படியே இரவெல்லாம், சிம் கார்டு போட்டுக் காரில் கிடந்த மடிக்கணினி உலகத்தை வருந்தி வருந்திக் கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு, தாலி கட்டி முடிந்து மேடையில் ஆசீர்வாத வரிசை. பாஸ் வரிசையை இடித்துக்கொண்டு ஏறி வந்தார். கையில் அட்சதை இல்லை, கைப்பேசி இருந்தது.

"டேய், யாரு யாரோ வெள்ளக்காரன்லாம் எனக்குப் போன் அடிக்கிறான்டா! ஒன் ஆள நிப்பாட்டச் சொல்லுங்கிறான். ஏதோ ஆயிரம் மெயிலாம்!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அறிவு எப்போதும் எனக்குத் தாமதமாகவும் மொத்தமாகவும்தான் வரும். மாலையும் தலைப்பாகையுமாக மேடையிலிருந்து குதித்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினேன்.

"ஐயோ, மாப்பிள்ள ஓடுறாரு!" என்று யாரோ ஒரு ஆன்டி அலறினார். நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளத்துக்குக் கையசைத்துவிட்டார். அந்த முழக்கத்தோடுதான் நான் கார் நிறுத்துமிடத்தை அடைந்தேன். பின்னாலேயே மாமனார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"தாலி கட்டறதுக்கு முன்னால ஓடுனவன பாத்திருக்கேன்," என்றார். "கட்டிட்டு ஓடுறவன இப்பத்தான் பாக்குறேன்."

கார் டிக்கியின் மேல் மடிக்கணினியை வைத்து நிரலை நிறுத்தினேன். குழுவின் நிர்வாகி அதற்குள் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தார். செவ்வாய்க்கிழமைக்கு உதவி கேட்க இனி வாசலே இல்லை. மேரு, மீன், தெர்மாமீட்டர் எல்லாம் கண்முன் வந்தன. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கூறைப் புடவையோடு வாணி வந்து நின்றாள். "லங்காவி உண்டா இல்லியா? அத மட்டும் சொல்லு."

நடந்ததைச் சொன்னேன். அவள் தன் கைப்பேசியில் குழுவின் பக்கத்தைத் திறந்தாள். அது எல்லாருக்கும் திறந்திருப்பது, உறுப்பினராக வேண்டியதில்லை. எங்கள் கல்யாண அழைப்பை மேலும் மேலும் தள்ளிக்கொண்டே அடிவரை போனாள்.

"இங்க ஒருத்தர் ஒனக்குப் பதில் எழுதியிருக்காரு. சனிக்கெழம."

ஹென்ரிக். "அந்த அமைப்பை மாற்றினால், பழையதை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். கையேட்டில் இருக்கிறது." என் நிரல் முதன்முதலாகப் பதில் அனுப்பியது அந்தக் கடிதத்துக்குத்தான். எனக்கு வேண்டிய விடையின் மேல் நானே ஆயிரம் அழைப்பிதழைக் கொட்டி மூடியிருந்தேன்.

"அதாவது, சட்டியக் கழுவாமலே புதுக் கொழம்பு வச்சிருக்க," என்றாள் வாணி.

மணமகள் அறையில் மின்விசிறிக்குக் கீழே மடிக்கணினியை வைத்து, பழையதை அழித்துவிட்டு பில்டை ஓடவிட்டோம். நாங்கள் மேடையில் சிரித்துக்கொண்டிருந்தபோது அது வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை பெட்டி ஓடியது. "எங்க யூரோப் டீம் ராப்பகலா வேல செஞ்சிச்சி," என்று பாஸ் மீன் கம்பெனியிடம் பெருமையடித்துக்கொண்டாராம். நாங்கள் அப்போது லங்காவியில் இருந்தோம்.

அங்கிருந்து மன்னிப்புக் கேட்டு எழுதி, என் கடிதங்களை அழித்துவிடும்படி ஹென்ரிக்கிடம் கெஞ்சினேன். "குழுவுக்கு வந்தது எதுவும் அழியாது. விருந்துக்கு வர முடியாததற்கு வருந்துகிறேன்," என்று பதில் வந்தது. இன்றும் என் பெயரை இணையத்தில் தேடினால் கார் நிறுத்த இடம் பின்புறம் என்றுதான் வரும்.

போன வருடம் ஹென்ரிக் ஏதோ வேலையாகக் கோலாலம்பூர் வந்தார். "ஆயிரம் முறை அழைத்தீர்கள், இன்னும் ஒரு முறைகூடச் சாப்பிடவில்லை," என்று எழுதினார். நானும் வாணியும் அவரை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனோம். சோற்றில் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் கடுமையானது.

"உப்பு குறைவு," என்றார் ஆங்கிலத்தில். "மலேசிய நேரம் மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்யவும்."

வாணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது கெட்டாலும் இந்த வசனம்தான். மாமனார் வீட்டு ஃபேன் நின்றால்கூட, "அஞ்சு மணிக்குள்ள லா, மாப்பிள்ள," என்று ஃபோன் வருகிறது. நானும் பாடம் கற்றவன் என்பதால், குழாய் ஒழுகுகிறது என்று வாணி கத்தினால் பொறுமையாகக் கேட்கிறேன்: "எந்தக் கொழா? எப்பலேர்ந்து? கடைசியா யாரு திருவுனா?"

"நான் சீனியர் வைஃப்," என்கிறாள்.