கேமராவுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் அதிகம், தைரியம் கம்மி. இந்த இரண்டும் ஒரே உடம்பில் குடியிருந்தால் மனுசன் எப்படி நாறிப்போவான் என்பதற்கு நானே சாட்சி.

சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தபடியே சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பார்டர், புட்டா எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து தறிக்காரர்களுக்கு அனுப்புவேன். ரெட்டியார்சத்திரத்தில் வெங்காயமும் முருங்கையும் போடும் என் மாமனார் இதைத் தொழில் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைத் துண்டால் தட்டுவார். ஓடுகிற ஃபேனை நிறுத்துவார். உட்கார்ந்து கேட்பார்: "என்ன மாப்ள, பொட்டியத் தட்டுனா வெங்காயம் வெளையுமா?"

நான் பல்லைக் காட்டி, "காப்பி சாப்பிடுங்க மாமா" என்பேன். அவர் பஸ் ஏறிய பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, தோளில் துண்டு போட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் அவரைப் போலவே நடந்து காட்டுவேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். (அந்த வார்த்தைகள் இங்கே வேண்டாம். அவர் இதையும் படிக்கச் சொல்லிக் கேட்பார்.)

இந்த லட்சணத்தில் பழைய விண்டோஸைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். என் ஸ்கேனர் அதில் ஓடுமா என்று முதலில் பார்க்கும் புத்தி இல்லை. ஓடவில்லை. அதை ஓட வைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை ஸ்கேனர் கம்பெனியின் தளத்தில் தேடியிருக்கலாம். நானோ எவனோ வைத்திருந்த தளத்தில் 'இலவச டிரைவர்' என்று பார்த்து, அவன் கேட்டான் என்பதற்காக மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் போட்டுக் கணக்குத் தொடங்கினேன். ஆன்டிவைரஸ் கத்தியது. அதை நிறுத்திவிட்டு இறக்கினேன். மெயில், கரண்ட் பில், பேங்க் எல்லாவற்றுக்கும் அதே பாஸ்வேர்டுதான். மடையன் என்பதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஒரு மெயில் வந்தது. தலைப்பே என் பாஸ்வேர்டு. ஆங்கிலத்தில் இருந்ததை மொபைலில் தமிழாக்கிப் படித்தேன். உன் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறேன், நீ தனியாக இருக்கும்போது செய்ததையெல்லாம் உன் கேமரா வழியாகப் படம் எடுத்துவிட்டேன், இரண்டு நாளில் பணம் வராவிட்டால் உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அது போகும் என்று இருந்தது.

மற்றவர்கள் எதை நினைத்துப் பயப்படுவார்களோ எனக்குத் தெரியாது. என் கண்முன் வந்தது ஒன்றுதான். முருங்கை மரத்தடியில் நின்று, மொபைலைத் தூரப் பிடித்து, லுங்கியும் துண்டுமாக நடக்கும் என்னைப் பார்க்கிறார் மாமனார்.

வயரைப் பிடுங்கினேன். போதாது என்று தோன்ற, மெயின் சுவிட்சையே இறக்கினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி செல்வி கத்தினாள்.

"ஏங்க, மிக்ஸி நின்னுபோச்சு!"

"சத்தம் போடாத. நம்மளப் பாத்துக்கிட்டிருக்கான்."

"யாரு?"

"தெரியல."

ஏற இறங்கப் பார்த்தாள். "பித்தம் ஏறிப்போச்சு போல. செத்த நேரம் படுங்க."

கரண்டே இல்லாத கம்ப்யூட்டர் மேல் போர்வையைப் போட்டேன். அப்படியும் அந்த அறையில் குனிந்தேதான் நடந்தேன். அப்போது மொபைல் அடித்தது. மாமனார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அடுத்து செல்வியின் மொபைலுக்கு வந்தது.

"அப்பாதாங்க. மொபைல்ல என்னமோ வந்திருக்காம். ஒங்கள ஒடனே வரச் சொல்றாரு."

இரண்டு நாள் என்று சொன்னவன் இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லையே என்று அந்தத் திருடன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்கூட்டரை எடுத்தேன். திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். தோட்டத்தில் அவரைப் பார்த்ததும் ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டுக் காலில் விழுந்தேன்.

"மாமா, படத்துல நடக்கறது நான்தான். துண்டால தட்டுறது, ஃபேன நிறுத்துறது, திட்டுனது, எல்லாம் ஒங்களத்தான். மன்னிச்சிருங்க."

அவர் மொபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தப் படம் மாப்ள? ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்திருக்கு. இந்தப் பழைய போன்ல தொறக்க மாட்டேங்குது. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

வேறு வழியில்லாமல் மெயில் வந்த கதையைச் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்து துண்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"எங்க, நடங்க பாப்போம்."

நடந்தேன். கடைசிவரை சிரிக்காமல் பார்த்தார். "நான் மூணு தரந்தான் தட்டுவேன். நீங்க நாலு தட்டுறீக" என்றார். பிறகு, "அந்தக் களவாணிப்பயல நானும் பாக்கணும்" என்று ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் நாகல் நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மேரி எங்கள் வீட்டுக்கு வந்தார். மெயிலைப் படித்ததும் சிரித்துவிட்டார்.

"சும்மா மெரட்டுறான்ணே. ஊருக்கெல்லாம் இதே மெயிலுதான் போகுது. நீங்க டிரைவர் எறக்குன எடத்துலருந்து பாஸ்வேர்டு வெளிய போயிருக்கும். பணம் கிணம் அனுப்பிறாதீங்க, பதிலும் போடாதீங்க. எல்லா எடத்துலயும் பாஸ்வேர்ட மாத்துங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக் கூடாது. ஆமா, சிடுமூஞ்சி123ன்னு இருக்கே, யாருண்ணே அது?"

மாமனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். (அதை மட்டும் நான் தோட்டத்தில் சொல்லவில்லை.)

மேரி போர்வையை விலக்கி, மானிட்டர் உச்சியில் இருந்த கேமராவைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை முழுசாக அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"இதுல எங்கிட்டு படம் எடுக்க? இருட்டுத்தான் தெரியும்."

"ஆயுத பூசைக்கு நான்தான் வச்சேன்," என்றாள் செல்வி. "வாங்குன மறுநாளே வச்சது. கண்ணுக்கு வைக்காம வேற எங்க வைக்கிறதாம்?"

எங்கள் வீட்டில் பீரோ, ஸ்கூட்டர், மிக்ஸி எதுவும் பொட்டுக்குத் தப்பியதில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதால் அது என் கண்ணில் படவே இல்லை. நானோ அந்தக் கேமராவை வாங்கியதோடு சரி, ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை.

மேரி அந்தக் கருமம் பிடித்த டிரைவரை அழித்து, கம்ப்யூட்டர் முழுவதையும் சோதித்து, ஸ்கேனர் கம்பெனியின் தளத்திலிருந்து சரியானதைப் போட்டார். ஸ்கேனர் உடனே ஓடியது. முதலிலேயே அங்கே போயிருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமனார் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிடுகிறார். நாற்காலியை மூன்று தரம் தட்டுகிறார். எண்ணிக் காட்டித் தட்டுகிறார். பிறகு சந்தனக் கிண்ணத்தைச் செல்வியிடமிருந்து வாங்கி, கேமராவின் கண்ணில் தன் கையாலேயே பொட்டு வைத்து, குங்குமத்தை அழுத்திவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டே சொல்கிறார்:

"இனிப் பேசுங்க மாப்ள."