‘வாங்க’ சொல்லக் கூடாத ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே மாஸ்டர் ஒரு சபதம் எடுத்தார். வாயில் நுரை இருந்ததால் அது சபதம் என்று யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடி எடுத்தார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த நாய் இந்தக் கதவைத் தாண்டி ஓடறதை நிறுத்தறேன். நிறுத்தலைன்னா என் பேரு மாஸ்டர் இல்ல.”

“உங்க பேரு மாஸ்டர் இல்லதானே,” என்றாள் மனைவி, டிபன் பெட்டியை மூடியபடி.

மாஸ்டர் என்பது டிரைவிங் ஸ்கூல் கொடுத்த பேர். இருபத்திரண்டு வருஷமாக, ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரோடு திரும்பி வருபவர். அவர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. பழக்கதோஷம், வீட்டில் டிவியில் கார் வேகமாகப் போனாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். சோபாவுக்கு முன்னால் ஒரு டைல்ஸ் அதனாலேயே ஆடிக்கொண்டிருந்தது.

நாயின் பேர் பொட்டலம். வந்த அன்று அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எடை மூன்று கிலோ, அதில் இரண்டு கிலோ முடி. வீட்டுக்குள் அதைப் போல ஒரு சோம்பேறி கிடையாது. ஆனால் முன்கதவின் தாழ்ப்பாள் ‘டிக்’ என்றால் போதும், கால்களுக்கு நடுவே ஏதோ வெள்ளையாகப் போனது மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் கால் துடைக்கும் மிதியடி மட்டும் கோணலாகக் கிடக்கும். “பொட்டலம் பிரிஞ்சிடுச்சு” என்று யாராவது குரல் கொடுக்க வேண்டியது, தெருவே ஓட வேண்டியது.

வெள்ளிக்கிழமை கூரியர்காரர் மணி அடித்தார். பொட்டலம் கொடுக்க வந்தவர் காலடியில் பொட்டலம் போய்விட்டது. இந்த முறை தெருவோடு நிற்கவில்லை. மெயின் ரோட்டுக்கே போய், ஒரு தண்ணீர் லாரியின் முன்சக்கரத்தை மோந்து பார்க்க நடுரோட்டில் நின்றது. லாரி அதற்கு அரை முழம் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“மாஸ்டர், நீங்களா. சடன் பிரேக் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். நாய்க்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க.”

அந்த ஒரு வாக்கியம் மாஸ்டரை ராத்திரி முழுக்கப் புரட்டி எடுத்தது. காலையில் சபதமாக வந்தது.

விஷயம் சபதத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மத்தியானம் மனைவியின் அக்காவிடமிருந்து போன். அக்காவின் குரலுக்கு ஸ்பீக்கர் போடத் தேவையில்லை, சும்மாவே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“லாரி விஷயம் கேள்விப்பட்டேன்டி. அடுத்த ஞாயித்துக்கிழமை வரோம். கூடையும் எடுத்துட்டு வரோம். எங்க வீட்டுல ஆளுயரக் காம்பவுண்டு சுவர் இருக்கு. அது அங்க சாகறதுக்கு இங்க வந்து இருந்துட்டுப் போகட்டும்.”

“சரிக்கா,” என்றாள் மனைவி.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் பிரிவில் நர்ஸ். எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவள் முன்னால் கைநீட்டி உட்காருவான். ஊருக்கெல்லாம் சிஸ்டர். அக்காவுக்கு மட்டும் தங்கச்சி. பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவள் பேசியது இரண்டே சொல், ஒன்று ‘சரி’, இன்னொன்று ‘அக்கா’. அப்படித்தான் தையல் மிஷின் போனது. அப்படித்தான் சுவர்க் கடிகாரம் போனது. கடிகாரம் மாட்டியிருந்த ஆணி இன்னும் ஹாலில் இருந்தது, மணி கேட்டால் அதைத்தான் பார்ப்பார்கள்.

“போனா போகட்டும், நிம்மதி,” என்றார் மாஸ்டர்.

வெளியே சொன்னது அது. உள்ளே வேறு. மாஸ்டரின் வலது கால் உலகத்தில் யார் சொன்னாலும் சும்மா இருக்காது. பொட்டலம் அதன்மேல் தலை வைத்துத் தூங்கினால் மட்டும் அசையாது. மரத்துப்போய் எறும்பு ஊறினாலும் அசையாது. அந்த நாயைக் கூடையில் வைத்து யாரோ தூக்கிக்கொண்டு போவதை நினைத்தபோது மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே சட்டைப் பை நிறைய பிஸ்கட்டை நிரப்பிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார்.

“இங்க பாரு. ‘வா’ன்னா வரணும். ‘பிரேக்’னா நிக்கணும். கிளட்ச் உனக்குத் தேவையில்ல.”

பொட்டலம் கேட்டுக்கொண்டது. திங்கட்கிழமைக்குள் ‘வா’ என்றால் வந்தது, ‘பிரேக்’ என்றால் நின்றது. ஹாலிலிருந்து சமையலறை வரை ஒரு கீறல் விழாமல் ஓட்டியது. லைசென்ஸ் கொடுக்கலாம்.

பிரச்சினை ஒன்றுதான். தினமும் காலையில் மாஸ்டர் கதவைத் திறந்து “போயிட்டு வரேன்” என்பார். அவர் படி இறங்குவதற்குள் பொட்டலம் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறி உட்கார்ந்திருக்கும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு நாளும் இதே கதை. வியாழக்கிழமை புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மாள் காரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், “எனக்கு முன்னாடி இவங்க பேட்ச்சா மாஸ்டர்?”

வெள்ளிக்கிழமை ராத்திரி மாஸ்டர் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, கிளம்பும்போது என்ன சொல்றீங்க?”

“போயிட்டு வரேன்.”

“மெதுவா சொல்லுங்க.”

“போயிட்டு… வ…”

“அதேதான். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, வான்னா வரணும்னு. அது பாவம், ஒழுங்கா வருது.”

மாஸ்டர் நிமிர்ந்தார்.

“யோசிச்சுப் பாருங்க. யாராவது வந்தா என்ன சொல்றோம்? வாங்க. கூரியர்காரர்கிட்ட? கொடுங்க, வாங்கிக்கறேன். அது குரைச்சா நீங்க என்ன சொல்வீங்க?”

“வாயை மூடு.”

“இந்த இடத்துக்குப் பேரு?”

“வாசல்.” மாஸ்டரின் குரல் இறங்கிவிட்டது. “இவ்வளவு ‘வா’வை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படிக் குடும்பம் நடத்தினோம்?”

“நம்பலைன்னா பாருங்க.” அவள் கதவைத் திறந்து வெளியே போய் நின்றாள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. “அமருங்க,” என்றாள். பொட்டலம் மிதியடியில் அமர்ந்திருந்தது. “வாங்க,” என்றபோது பின்னால் இருந்த கையும் முன்னால் வந்தது. பொட்டலம் பாய்ந்து போய் அவள் காலில் விழுந்தது. இன்னொரு தடவை செய்தாள். இன்னொரு தடவையும் விழுந்தது.

“விஞ்ஞானம்,” என்றார் மாஸ்டர்.

“நாளன்னிக்கு அக்கா வரும்போது நீங்கதான் கதவைத் திறக்கணும். நான் அடுப்படியில இருப்பேன். நாய் ஓடினா அந்த நிமிஷமே கூடைக்குள்ள போயிடும். என்ன ஆனாலும் அந்த எழுத்து மட்டும் உங்க வாயில வரக் கூடாது.”

“நீயே இப்ப ‘வாயில’ன்னு சொன்னே.”

“நான் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது.”

சனிக்கிழமை முழுக்க மாஸ்டர் பயிற்சி எடுத்தார். எதிர்வீட்டு ரிட்டையர்டு பெரியவர் செய்தித்தாள் கேட்டு வந்தார். “நுழையுங்க,” என்றார் மாஸ்டர். ரிட்டையர்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் செய்தித்தாள் கேட்காமலேயே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மணி அடித்தது.

மாஸ்டர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பொட்டலம் மிதியடியில் உட்கார்ந்திருந்தது. தாழ்ப்பாள் ‘டிக்’ என்றது. மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். பொட்டலம் அங்கேயே இருந்தது.

வாசலில் அக்கா. அக்காவுக்குப் பின்னால் கூடை. கூடைக்குப் பின்னால் அக்கா வீட்டுக்காரர், அதாவது சகலை.

மாஸ்டர் சந்தோஷத்தில் ‘யாரு, அக்காவா’ என்று ஆரம்பித்தார். கடைசி எழுத்து எதிரே வருவதைப் பார்த்துச் சட்டென்று பிரேக் போட்டார்.

“யாரு, அக்கா.”

“அக்காதான்,” என்றாள் அக்கா. போட்ட செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மாஸ்டர் முப்பத்திரண்டு பல்லையும் காட்டினார்.

“சௌக்கியமா?”

“சௌக்கியத்துக்கு என்ன. நின்னுக்கிட்டு இருக்கேன்.”

“ஆமா. நல்லா நிக்கறீங்க.”

“தம்பி, ஏதாவது சொல்ல மறந்துட்டீங்களா?”

“இல்லையே.”

“ஒரு வார்த்தை.”

மாஸ்டர் சட்டென்று கீழே பார்த்தார். பொட்டலம் கொட்டாவி விட்டது. நம்ம டிரெய்னிங் என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

“உள்ள நுழையுங்க,” என்றார்.

“என்னது?”

“உள்ள… புகுந்துக்கோங்க.”

“நான் என்ன பெருச்சாளியா?”

சகலை கூடைக்குப் பின்னாலிருந்து கனைத்தார். அவர் மாசத்துக்கு ஒரு தடவை பேசுபவர். இந்த மாசத்துக்கானதை எடுத்துவிட்டார். “சகலை, நாங்க வந்திருக்கோம்.”

“தெரியுதே,” என்றார் மாஸ்டர் பரிவோடு.

“தெரியுதாம்,” என்றாள் அக்கா. “ஏங்க, பாத்தீங்களா? வாசல்ல நிக்கறவங்களை வாங்கன்னு சொல்ல இவருக்கு வாய் வரலை. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவங்களைக் கூட வான்னு சொல்வாங்க.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “ஏண்டி,” என்று குரல் கொடுத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“கை வேலையா இருக்கேன்க்கா,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “அவரு இருக்காரே.”

“அவரு இருக்காரு. இருக்கறது நல்லாவே தெரியுது.”

மாஸ்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். “அக்கா, அதை விடுங்க. நாயைப் பாருங்க. கதவு திறந்திருக்கு. ஓடலை.”

“நாய்க்கு மரியாதை தெரியுது. எழுந்து ஓடாம உட்காந்து பாக்குது. மனுஷனுக்குத்தான் தெரியலை.”

“அப்ப நாயை எடுத்துக்கலாமா?” என்று சகலை அடுத்த மாசக் கணக்கிலிருந்து கடன் வாங்கிக் கேட்டார்.

“கூடையை மூடுங்க. வான்னு சொல்லாத வீட்டுலேர்ந்து எனக்கு நாயும் வேண்டாம், அதோட ஒரு முடியும் வேண்டாம். இனிமே இந்த வீட்டுலேர்ந்து ஒரு துரும்பை நான் எடுத்துட்டுப் போனா, இந்தத் தெருவே என்னை நிக்க வெச்சுக் கேக்கட்டும்.”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ரிட்டையர்டு தன் கேட்டில் சாய்ந்து தலையாட்டினார். அக்கா படி இறங்கினாள். கூடை காலியாகப் பின்னால் போனது. கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “போயாச்சா?”

“போயிட்டாங்க. நாய் இருக்கு.” மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு ஆச்சரியம் சொல்லட்டுமா? உங்க அக்கா ஆறேழு தடவை ‘வா’ன்னு சொன்னாங்க. அது அசையவே இல்ல.”

“ஏன் அசையணும்? நாய்க்குத் தமிழ் தெரியுமா?”

மாஸ்டர் புரியாமல் பார்த்தார்.

“தினமும் அது போனது உங்க ‘வரேன்’ பின்னாடி இல்ல. உங்க சட்டைப் பை பின்னாடி. பிஸ்கட் வீட்டை விட்டுப் போனா அதுவும் கூடப் போகாதா?”

“வெள்ளிக்கிழமை உன் கையில என்ன இருந்துச்சு?”

“பிஸ்கட்.”

“இன்னிக்கு ஏன் ஓடலை?”

“இந்த வாரம் எனக்கு மத்தியான ஷிப்ட். நீங்க போனதும் காலையில கதவைத் திறந்து திறந்து மூடுவேன். திறக்கறதுக்கு முன்னாடி மிதியடி மேல ஒரு துண்டு. தாழ்ப்பாள் சத்தம் கேட்டா மிதியடியில உட்காரணும்னு மூணு நாள்ல புரிஞ்சுக்கிச்சு.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா அக்காவை வாங்கன்னு சொல்லியிருப்பீங்க.”

மாஸ்டர் உட்கார்ந்தார்.

“நாய் ஓடினா, பத்திரமா இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போவா,” என்றாள் அவள், நரம்பு தேடும் நிதானத்தோடு. “ஓடலைன்னா, நல்ல பழக்கமான நாயா இருக்கே, எனக்கே கொடுத்துடுன்னு கூட்டிட்டுப் போவா. தையல் மிஷின் அப்படித்தானே போச்சு. அவ கோவிச்சுக்கிட்டா மட்டும்தான் கையை வீசிட்டுப் போவா. எனக்கு அவளை எதிர்த்து ஒரு சொல் சொல்ல வராது. நீங்க சொல்லாமலேயே சொல்லிட்டீங்க.”

மாஸ்டர் குனிந்து பார்த்தார். நாய் காலடியில் இருந்தது. யோசிக்க யோசிக்க அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றியது.

“கோபம் உன் மேலயா, என் மேலயா?”

“என் மேல எதுக்கு? நான் அடுப்படியில இருந்தேனே.”

போன் அடித்தது. அவள் எடுத்தாள். “ஆமாக்கா. அவரு அப்படித்தான்க்கா. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்க்கா. சரிக்கா. இப்பவே அனுப்பறேன்க்கா.”

“யாரை அனுப்பறே?”

“உங்களைத்தான். நீங்க அவங்க வீட்டுக்கே போய், ரெண்டு பேரையும் முறையா ‘எங்க வீட்டுக்கு வாங்க’ன்னு கூப்பிடணுமாம். அது வரைக்கும் என்கூடப் பேச மாட்டாளாம்.”

“கூப்பிட்டா வந்துடுவாங்களே. நாயை…”

“தொட மாட்டா. துரும்பு எடுக்க மாட்டேன்னு தெருவுக்கே சொல்லிட்டுப் போயிருக்கா. தைரியமா கூப்பிடுங்க. பிஸ்கட்டை இங்க வெச்சுட்டுக் கிளம்புங்க, பஸ் வந்துடும்.”

மாஸ்டர் பையைக் காலி செய்தார். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. மனைவி கதவை அகலமாகத் திறந்தாள். பொட்டலம் மிதியடியில் போய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

வாசலைத் தாண்டித் தலைதெறிக்க ஓடியவர் மாஸ்டர்தான்.