எடைக்கல்லும் மூன்று வாத்தியார்களும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நான், உங்கள் அக்கா, மகள் மூவரும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சியும் நலமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சிபாரிசு செய்த வாத்தியாரைப் பார்த்தேன். இனி வாழ்நாளில் யாருக்கும் எதையும், ஒரு செருப்புக் கடையைக்கூட, சிபாரிசு செய்யாதீர்கள்.

உங்கள் மருமகள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் இரண்டு முறை மயிரிழையில் கோட்டைவிட்டவள். இந்த முறைக்காக இருந்த வேலையையும் விட்டுவிட்டாள். தேர்வுக்கு ஒன்பதே வாரம். அவளைக் கண்ட ஆளிடம் ஒப்படைக்க நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்தவன். போன வருட வினாத்தாளிலிருந்து இருபது கணக்கு, நாற்பது நிமிடம், என் கையில் விடைக்குறிப்பு. முதலில் எழுதிக் காட்டு, அப்புறம் சொல்லிக்கொடு. இதுதான் என் முறை.

உங்கள் ஆள் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான பதினெட்டுப் படி ஏறினால், நாலு ஸ்டூல் போட்ட அறையில் இருக்கிறார். தாளைச் சிரித்துக்கொண்டே வாங்கி எழுதினார். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்; அதற்குள் கூட வந்த மகளுக்கு அவர் ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபதுக்கு நாலு! கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலே ஐந்து வருமே மச்சான்! "சார், அந்த விடைக்குறிப்பை ஒரு தடவை சரிபார்த்துடுங்களேன்" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "தராசு பொய் சொன்னா எடைக்கல்லைக் குத்தம் சொல்ற கடைக்காரன் ஆயிரம் பேரைப் பார்த்தவன்யா நான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். மகளோ வழியெல்லாம், "விகிதக் கணக்கு ரெண்டு வருஷமா மண்டையில ஏறல அப்பா, அவர் அஞ்சு நிமிஷத்துல புரியவெச்சுட்டார்" என்று ஒரே புலம்பல். "நாலு மார்க் வாங்கினவன் சொல்றது புரிஞ்சா அதுதாம்மா ஆபத்து" என்றேன்.

அடுத்து, பெரிய பயிற்சி மையம். வாசல் முழுக்கத் தேர்வில் ஜெயித்தவர்களின் படங்கள். அதில் ஒரே பெண் மூன்று இடத்தில் மூன்று பெயரோடு சிரிக்கிறாள். இயக்குநரிடம் தாளை நீட்டினால், "நாங்க டெஸ்ட் வைக்கிறவங்க சார், எழுதறவங்க இல்ல" என்றார். சமைப்பேன், சாப்பிட மாட்டேன் என்கிற சமையல்காரன் கையால் நாம் சாப்பிடுவோமா?

மூன்றாமவரிடம்தான் விஷயம் இருக்கிறது. டை கட்டியிருந்தார். கேள்வியைப் படிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் மூன்றாவது விடையையே சரசரவென்று குறித்தார். "படிச்சா குழப்பம்தான் சார், எல்லாம் அனுபவம்" என்றார். ஒன்பது மார்க்! உங்கள் ஆளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அப்போதே மகளைச் சேர்த்துவிட்டேன். உங்கள் ஜெராக்ஸ் கடைப் புண்ணாக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் கணவன்

பி.கு.: முந்தாநாள் கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் மகள் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் வாங்கிப் பார்த்தாள். என் வினாத்தாள் காலைத் தேர்வுடையது. விடைக்குறிப்பு மாலைத் தேர்வுடையது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் எடைக்கல்லைச் சோதி என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்! சரியான குறிப்பை வைத்துத் திருத்தினால் டை கட்டியவருக்கு மூன்று. உங்கள் ஆளுக்குப் பத்தொன்பது. இருபதாவதில் கேள்வியே தப்பு என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார், அதுவும் சரிதான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்படியே அனுப்புங்க, மாமா படிக்கட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

பாவம், அன்றைக்கே அவள் தனியாகப் படியேறிப் போய் அவரிடம் கெஞ்சியிருக்கிறாள். சேர்த்துக்கொள்கிறாராம். ஆனால் ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே போய், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அதே இருபது கணக்கையும் எழுத வேண்டும். நாலு மார்க் வாங்கினால் போதுமாம்.

உடனே புறப்பட்டு வாருங்கள் மச்சான். இரண்டு நாளாகப் போட்டுப் பார்க்கிறேன், மூன்றைத் தாண்டவில்லை.