மல்லாட்டைக்குக் கிடைத்த இருபதாயிரம் ரசிகர்கள்

வியாழக்கிழமை என்றால் திண்டிவனத்தில் வைரல் சித்தரின் மடத்துத் தெருவில் சைக்கிள்கூட நுழையாது. கானா பாடுகிறவர், கிடார் வாசிக்கிறவர், பஜனைக் குழு என்று விழுப்புரம் வட்டாரத்தில் தொண்டை உள்ள அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். பாட்டு இருக்கும் செல்போனுக்குச் சித்தர் திருநீறு பூசி மந்திரிப்பார். மறுநாளே இருபதாயிரம் பேர் பார்த்ததாகக் கணக்கு ஏறிவிடும். காணிக்கை? ரொம்ப எளிமையான மகான். பாடகரின் வாத்தியத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்.

மரக்காணத்து தேவா தன் கீபோர்டைச் சுமந்துகொண்டு வந்திருந்தான். அடுத்த மாதம் வளவனூர்த் திருவிழாவில் அவன் வாசித்தாக வேண்டும். அவன் குழுவில் பாடும் பரிமளா தலையில் அடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

“இத குடுத்துட்டு திருவிழாவுல வாயாலயா வாசிப்ப?”

“வைரல் ஆயிட்டா புதுசே வாங்கலாம்க்கா. பேஜாரு பண்ணாத.”

“சரி, ஒரு வாரம் பொறு. மொதல்ல என் பாட்ட மந்திரிக்கட்டும்.”

தோல் கிழிந்த கஞ்சிரா ஒன்றைக் காணிக்கையாக வைத்து, ‘என் உயிர்ப் பாட்டு’ என்று பெயரிட்ட வீடியோவை நீட்டினாள். சித்தர் அதைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடினார். “உன் குரல்ல சரஸ்வதி உக்காந்துகினு இருக்கா” என்றார்.

அடுத்த வியாழன் அதே கூட்டம். பரிமளாவின் வீடியோ இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது என்று சித்தர் பெருமையாக அறிவித்தார். கீழே வந்திருந்த கருத்துகளைப் பரிமளா ஒலிபெருக்கியில் படித்தாள்.

“‘என்ன குரல்டா சாமி.’ ‘கேட்டு அழுதுட்டேன்.’ ‘நடுவுல வர்ற புல்லாங்குழல் சூப்பர்.’ சரி, இப்ப பாட்டக் கேளுங்க.”

மடத்துச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு மொட்டை மாடி தெரிந்தது. வெயிலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய்ந்தது. மூன்று நிமிடமும் காய்ந்துகொண்டே இருந்தது.

“சவுண்டு வைம்மா” என்றார் நாதஸ்வரக்காரர் துரைக்கண்ணு.

“சவுண்டே கெடையாதுங்க. நான் வாயே தொறக்கல. இதக் கேட்டுத்தான் அழுதாங்களாம்.”

“அது மௌன நாதம்” என்றார் சித்தர்.

தேவா நிமிர்ந்தான். “அப்ப புல்லாங்குழல் யாரு சாமி ஊதனது?”

மகான் திருநீற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைப் பக்கம் நகர்ந்தார்.

“காசு குடுத்தா கணக்கும் ஏத்தி, கருத்தும் போட்டுத் தர்ற கடை நெட்டுல இருக்கு. மந்திரம் அவ்ளோதான்” என்றாள் பரிமளா.

கூட்டம் உள்ளறைக்குள் புகுந்தது. வீணை முதல் உடுக்கை வரை காணிக்கைகள் எல்லாம் விலைச்சீட்டுடன் விற்பனைக்குத் தயாராக இருந்தன. தேவா கீபோர்டை இறுகக் கட்டிக்கொண்டான்.

“உன் பாட்ட யாரு கேப்பாங்க? மரக்காணத்துல மீன் வல பின்றவங்க. அவங்க போனுக்கு அனுப்பு. கீழ உன் பேரு, நம்பரு, அடுத்த கச்சேரி எங்கன்னு போடு. புடிச்சா அவங்களே நாலு பேருக்கு அனுப்புவாங்க” என்றாள் பரிமளா.

எல்லோரும் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் தயங்கி வந்தார். “ஏம்மா, அந்த மல்லாட்டைய எந்தக் கெழமையில காய வச்ச? நானும் அதே கெழமையில வீடியோ எடுக்கறேன்.”

கிழமை கேட்ட ஐயா, மல்லாட்டைக்கு ஓட்டுக்குள் பருப்பாவது இருக்கிறது. உங்கள் மண்டை ஓட்டுக்குள் இருப்பதையும் ஒருநாள் வெயிலில் கொட்டிப் பாருங்கள்.