எங்கள் ஊரின் நாற்பத்தொரு பூஜ்யங்கள்

பெருமதிப்புக்குரிய மருத்துவ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

நாரின் மாகாணம், சாரி-காஷாத் கிராமத்திலிருந்து, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன், எசென்குல் மகன் கல்முர்ஸா எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் சுகமா? கால்நடைகள் பனிக்காலத்தைத் தாண்டினவா? தலைநகர் பிஷ்கெக்கில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏது கால்நடை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதையெல்லாம் கேட்காமல் சண்டையைத் தொடங்குவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. கேட்டாயிற்று. இனி சண்டை.

உங்கள் மார்ச் மாத இதழில், பதினெட்டாம் பக்கத்தில், ‘மலைக் கிராமங்களில் முதிய ஆண்களின் உடல்நலம்’ என்று ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதில் எங்கள் ஊர்ப் பெயரை முழுசாகப் போட்டு, அறுபது வயதைத் தாண்டிய நாற்பத்தொரு ஆண்களின் இல்லற வல்லமைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அச்சடித்திருக்கிறீர்கள். பூஜ்யம். சராசரி பூஜ்யமாம். அரை இல்லை, கால் இல்லை, புள்ளி வைத்து ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊர் தெர்பிஷுக்கு அறுபத்து மூன்று வயது. அவன் கடைசி மகன் இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். அந்தக் குழந்தை யார், ஆசிரியரே? அச்சுப்பிழையா?

நடந்தது இதுதான். போன இலையுதிர் காலத்தில் ஒரு பேராசிரியை அம்மாள் இரண்டு மாணவர்களோடு வண்டியில் வந்து, ஊர்க் கிளப் கட்டடத்தில் மூன்று அறை பிடித்தார். முதல் அறையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், அதில் குறையில்லை. இரண்டாவது அறையில் பல். என் மேல்வரிசையில் ஆறு தங்கப்பல் இருக்கின்றன. என் கல்யாணத்துக்குக் கட்டியவை, இன்றைக்கும் எலும்பைக் கடிப்பவை. அந்த மாணவன் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ‘ஆறு பல் இல்லை’ என்று எழுதிக்கொண்டான். “தம்பி, பளபளன்னு கண்ணு கூசுது, இல்லேங்கறியே?” என்றேன். “அது உங்க பல் இல்லீங்க தாத்தா” என்றான். என் வாயில் இருப்பது என் பல் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரன் பல்லா? அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். புத்தி வரவில்லை, மூன்றாவது அறைக்கும் போனேன்.

மூன்றாவது அறையில்தான் அந்தரங்கக் கேள்விகள், முப்பத்தாறு. வெளியாள் கேட்டால் கூச்சப்படுவார்கள், உள்ளூர்ப் பெண் கேட்டால் மனம் திறப்பார்கள் என்று பேராசிரியை அம்மாள் கணக்குப் போட்டு, எங்கள் ஊர்ச் செவிலி ஜிபேக்கை உட்கார்த்தி வைத்துவிட்டார். ஜிபேக் தங்கமான பெண். ஆனால் எட்டு வருடம் முன்பு எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊரில் எல்லோரும் ஒரே வம்சம், அதனால் நாற்பத்தொரு பேரும் அவளுக்கு மாமனார் முறை. எங்கள் பெயரைக்கூட அவள் வாயால் சொல்லக் கூடாது. என்னை ‘மாட்டு டாக்டர் மாமா’ என்பாள், தெர்பிஷை ‘பாலத்தடி மாமா’ என்பாள். பெயரையே சொல்லாதவள் பதினாலாம் கேள்வியை எப்படிக் கேட்பாள்? நான் உள்ளே போனதும் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“மாமா, உடம்பு சௌக்கியங்களா?”

“சௌக்கியம்மா.”

“முழங்கால்?”

“குளிர்ல கொஞ்சம் மக்கர் பண்ணுது.”

“குதிரை நல்லாருக்குதுங்களா?”

“அதுக்கென்ன, நல்லாருக்கு.”

“சரிங்க மாமா, மிச்சத்தை நானே எழுதிக்கறேன்.”

எழுதிக்கொண்டாள். நாற்பத்தொரு பேருக்கும். இதழைப் பார்த்தபின் அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். “ஏம்மா, இப்படிப் பூஜ்யமா அடுக்கிட்டியே, நாங்க உனக்கு என்ன கெடுதல் பண்ணினோம்?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாமா, பெரியவங்களைப் பத்தி வேற என்னங்க எழுதறது? அஞ்சு, ஆறுன்னு எழுதினா மரியாதையாங்க இருக்கும்?” “அதுக்காக எல்லாருக்குமா?” “ஒருத்தருக்குக் கூட்டி ஒருத்தருக்குக் குறைச்சா மனஸ்தாபம் வருமுங்களே மாமா.” அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளை அங்கே உட்கார்த்தி வைத்தவர் மேலும், நாற்பத்தொரு பூஜ்யம் வரிசையாக நிற்பதைப் பார்த்தும் சந்தேகம் வராமல் அச்சுக்கு அனுப்பிய உங்கள் மேலும்தான் கோபம். நான் முப்பத்தொரு வருடம் கடாக்களுக்கு வீரியக் குறிப்பு எழுதியவன். ஒரு கடாவைப் பற்றி ஒரு வரி எழுத மூன்று வாரம் மந்தையோடு பனியில் கிடந்திருக்கிறேன். கடாவுக்குக் கிடைத்த மரியாதை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

விளைவைக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஒரு நல்ல கடாவை ஓட்டிக்கொண்டு போனேன். வாங்க வந்தவன் பல்லைப் பார்த்தான், முதுகைத் தடவினான், எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். “சாரி-காஷாத் தண்ணி குடிச்சதுங்களா? வேண்டாங்க பெரியவரே, என் மந்தை பெருகணும்” என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்தான். சந்தையே சிரித்தது. கடாவை ஓட்டிக்கொண்டு திரும்பிவந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. எனக்கு அறுபத்தேழு வயது. தினமும் ஒரே ஒரு கோப்பை கழுவிக் கவிழ்க்கிறேன், ஆசிரியரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் புருல்கானும் கணவனை இழந்தவள். என் அண்ணி சைரா மூலம் பனிக்காலத்தில் சொல்லி அனுப்பினேன். “பனி உருகட்டும், யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். பனி உருகிவிட்டது. அதே வாரம் உங்கள் இதழும் வந்துவிட்டது. எங்கே வரும்? மருந்துக்கடைக்குத்தான் வரும்! மூன்று வாரமாக அக்கரையிலிருந்து ஒரு சொல் இல்லை. அண்ணி போய்ப் பார்த்தபோது கல்லா மேசையில் உங்கள் இதழ் பதினெட்டாம் பக்கத்தில் விரித்துக் கிடந்ததாம். நாசமாய்ப் போக உங்கள் பதினெட்டாம் பக்கம்!

ஆகவே அடுத்த இதழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் மறுப்பு வர வேண்டும். மற்ற நாற்பது பேருக்கு நான் வக்காலத்து வாங்க முடியாது. என் மதிப்பெண்ணை மட்டும் என் கைப்பட எழுதி, மெழுகு வைத்து ஒட்டிய சிறு உறையில் இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பிரித்து, என் பெயர் போட்டே வெளியிடுங்கள். தங்கப்பல் ஆறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறினால் நேரில் வருவேன், குதிரை நன்றாகத்தான் இருக்கிறது.

கோபம் கோபமாக இருந்தாலும், உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் பெருகட்டும், உங்களுக்கு முதுமை வரும்போது யாரும் கேள்வித்தாளோடு வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எ. கல்முர்ஸா

பின்குறிப்பு (உறையின் பின்பக்கத்தில்): கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அண்ணி தபால் நிலையத்துக்கே ஓடிவந்தாள். திருப்பிக் கேட்டால், முத்திரை விழுந்தது அரசாங்கச் சொத்து, தர முடியாது, பின்பக்கம் வேண்டுமானால் எழுதிக்கொள் என்கிறாள் தபால்காரி. அதனால் இங்கே எழுதுகிறேன். வழியில் படிப்பவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கவும். புருல்கான் சொல்லி அனுப்பியது இது: “செத்துப்போன என் வீட்டுக்காரர் பத்துக்குப் பத்துங்க அக்கா. அதுல என் பங்குக்கு வந்தது ரெண்டுதான், மிச்சம் எட்டும் ஊர் மேஞ்சுது. பூஜ்யம்னு அச்சுலயே வந்த ஆள் கிடைச்சா விடுவாங்களா? நாலு ஊர்ல விசாரிச்சிட்டேன், அடுப்படி வேலை தெரியுமாம், குடிக்க மாட்டாராம். வெள்ளிக்கிழமை தேநீருக்கு வரச் சொல்லுங்க.”

ஆகவே மறுப்பு வேண்டாம். ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். அந்தச் சிறு உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். அதில் ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்க்குறிப்பு அதுதான். என் விஷயத்தில் ஜிபேக் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.