சிதறு தேங்காயும் உஷ் அண்ணையும்

ஆக்லாந்துத் தமிழரை வாய்மூட வைத்த ஒரே மனிதர் உஷ் அண்ணைதான். கோயிலில் ஐயரால் முடியவில்லை, கலைவிழாவில் மைக் பிடித்தவரால் முடியவில்லை. இவர் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றால் போதும், எவ்வளவு சனமென்றாலும் அடங்கிவிடும்.

நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அங்கே குதிரையின் கயிற்றைப் பிடித்து நடத்தும் தொண்டர் இவர். யாழ்ப்பாணத்துக்காரர், வார நாட்களில் பஸ் ஓட்டுவார். சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. காப்புக் கிலுங்கினால் கழற்றச் சொல்லுவார். பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறித்துவிடுவார். குடை விரித்தவரோடு பிறகு கதைக்கவே மாட்டார். எல்லாம் குதிரை மிரண்டுவிடும் என்றுதான். பிஸ்கட் என்ற அந்தக் கிழட்டுக் குதிரைக்கு மட்டும் வாங்கோ, போங்கோ என்று ஏக மரியாதை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிஸ்கட், எங்கட ஆக்கள் கொஞ்சம் சத்தம்தான்," என்பார். எங்கள் பக்கம் திரும்பினால், "என்ன ஐசே, வாய்க்குள்ள லவுட்ஸ்பீக்கரே வச்சிருக்கிறீர்?"

எங்கள் மகள் ஆரணிக்குச் சத்தம் ஆகாது. ஒரு கடைத்தொகுதியில் கை காயவைக்கும் மெஷின் திடீரென்று இரைந்தது. அதற்குப் பிறகு அந்த வாசலை அவள் மிதித்ததே இல்லை. ஒன்று ஒருதரம் பயமுறுத்தினால் அதோடு சரி. அப்படிப்பட்டவள் பிஸ்கட்டை மட்டும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். மாதக்கணக்காகக் கெஞ்சி, ஹெல்மெட் போடப் பழக்கினோம். ஒரு சனிக்கிழமை முதன்முதலாக அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அங்கேயே அழுகை வரப் பார்த்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் வாசல் சீமெந்துத் தரையில் நிற்கிறார், தலைக்கு மேலே தூக்கிய கையில் தேங்காய். புதுக் காருக்கு உடைத்தவர், பிள்ளை புதிதாக ஒன்றில் ஏறினால் சும்மா விடுவாரா? ஏவன்டேல் சந்தையில் வாங்கி, எனக்கும் சொல்லாமல் ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார், படுபாவி மனுசன்.

நான் கத்தினால் குதிரை மிரளும். அவர் உடைத்தாலும் மிரளும். உஷ் அண்ணையால் கயிற்றை விடவும் முடியாது. பிஸ்கட்டின் காது நிமிர்ந்துவிட்டது. உஷ் அண்ணை குதிரையோடு பேசும் அதே குரலில் என் வீட்டுக்காரரோடு பேசத் தொடங்கினார்.

"நல்ல பிள்ளை. அப்பிடியே நில்லுங்கோ ராசா. கையை மெல்ல மெல்ல இறக்குங்கோ. கெட்டிக்காரன்."

இவ்வளவு மரியாதையை என் வீட்டுக்காரர் வாழ்நாளில் கண்டதில்லை. கை தோளுக்கு இறங்கியது, இடுப்புக்கு இறங்கியது. "ஓம் அண்ணை," என்று பலமாகத் தலையாட்டினார். ஆட்டிய ஆட்டில் தேங்காய் நழுவிவிட்டது.

படார்.

பிஸ்கட் பக்கவாட்டில் துள்ளியது. பக்கத்தில் நடந்த உதவியாளர் ஆரணியை இறுகப் பிடித்துக்கொண்டார். உஷ் அண்ணை குதிரையின் முகத்தைத் தன் நெஞ்சோடு அணைத்தார். அது காலை வைத்த இடம் அவருடைய வலது பாதம். வைத்ததோடு அங்கேயே நின்றும்விட்டது. அவர் முகம் கறுத்து, கண்ணால் தண்ணீர் வழிந்தது, வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. மூச்சை மட்டும் நீளமாக இழுத்து விட்டார். சற்றுப் பொறுத்துக் குதிரையும் பெரிதாக ஒரு மூச்சு விட்டது. காதைப் பொத்தப் போன ஆரணியின் கைகள் பாதி வழியில் நின்றன. பிறகு குனிந்து பிடரியைப் பிடித்துக்கொண்டாள்.

பிஸ்கட் மெல்லக் காலை எடுத்தது.

"அண்ணை, பிள்ளையை இறக்குவம். உங்கட கால்..." என்றேன்.

"இப்ப இறக்கினால் பயத்தோட இறங்குவாள் தங்கச்சி. பிறகு ஏறவே மாட்டாள்."

நடந்தார். ஒரு முழு வட்டம். இரண்டு கால்விரல் முறிந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வட்டம் முடிந்ததும் இறக்குவதற்குக் கையை நீட்டினேன். ஆரணி என் கையைத் தள்ளிவிட்டு, "அகேன்," என்றாள்.

நான் உஷ் அண்ணையைப் பார்த்தேன். நெற்றி முழுக்க வியர்வை.

"என்ன தங்கச்சி பாக்கிறீர்? பிள்ளை கேக்குதெல்லே," என்றவர், கயிற்றை மற்றக் கைக்கு மாற்றி, காலை இழுத்து இழுத்து அடுத்த சுற்றுக்குப் புறப்பட்டார். அந்த மனுசன் நல்லா இருக்கவேணும்.