கஞ்சி போட்ட கூந்தல்

மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்குப் பெரிய பெரிய யோசனைகள் எல்லாம் தூக்கம் கெட்ட நேரத்தில்தான் வரும். நன்றாகத் தூங்கி எழுந்தால் அதில் பாதி தானாகவே செத்துப்போயிருக்கும். ஆனால் தூங்க எங்கே விடுகிறார்கள்?

ஓசூரில் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் நான் காயில் சுற்றுகிறேன். செம்புக் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றி, வார்னிஷில் முக்கி, ஓவனில் வைத்துச் சுட்டால் காயில் கல் மாதிரி இறுகிவிடும். கல்யாணமாகி, மாமியார் ஊரான சாமல்பட்டியிலிருந்து இங்கே மூக்கண்டப்பள்ளிக்குக் குடி வந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. எப்போது பசிக்க வேண்டும் என்று என் வயிறே என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் லைன் லீடர் வேலைக்கு இன்டர்வியூ என்றார்கள். லீடர் ஆகிவிட்டால் ஜெனரல் ஷிப்ட் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். ஊர் தூங்கும்போது நாமும் தூங்கலாம். (இதைவிட ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!)

ஒரே குறை என் தலை. வெளியிலிருந்து கஸ்டமர் வந்தால் லீடர்தான் முன்னால் நின்று பேச வேண்டும், அதுவும் தலையில் கேப் இல்லாமல். என் தலைமுடியோ போர் தண்ணீரில் குளித்துக் குளித்து, மிச்ச நேரம் கேப்புக்குள் கிடந்து, பாத்திரம் விளக்குகிற நார் மாதிரி ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் செல்வம் அதை ஒரே வரியில் சொல்லுவார்: "கேப்பக் கழட்டுனா, உன் தலை மேல யாரோ ரொம்ப நேரம் ஒக்காந்துட்டு எழுந்து போன மாதிரி இருக்குது."

இந்தக் கவலையை வீட்டு ஓனர் மஞ்சுளாக்காவிடம் சொன்னேன். அக்காவுக்குப் பேச்சு கன்னடம், எங்களுக்காகத் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. பெங்களூரில் இருக்கும் தன் மகள் விட்டுப்போன, முடியைச் சுற்றி வைக்கிற ரோலர்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மேலெல்லாம் குட்டிக் குட்டி முள். தொட்டால் துணியைக் கூடப் பிடித்துக்கொள்ளும்.

"கேளு ஜோதி. தலை லேசா ஈரமா இருந்தா போதும், சொட்டக் கூடாது. ரோலர் என்ன அகலமோ அந்த அகலம் முடிதான் எடுக்கணும். நல்லா சீவி, நுனி மடங்காம சுத்து. முழுசா காஞ்சப்புறம் மெல்ல அவுத்தா, முடி மழமழன்னு விழும். அவசரம் பேடம்மா, அவசரமே வேணாம்."

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அது. நின்றபடியே தூங்கிக்கொண்டு கேட்டேன். கேட்டு முடித்ததும் எனக்குள் ஒரு திமிர் எழுந்தது. வருஷக்கணக்கில் காயில் சுற்றுகிறவளுக்குச் சுற்றச் சொல்லித் தருகிறார்களா!

தலைக்குக் குளித்தேன். முடி சொட்டச் சொட்ட, கைக்கு வந்ததைக் கொத்தாக எடுத்து, கம்பியை இழுக்கிற மாதிரி இழுத்து, இறுக்கிச் சுற்றினேன். சுற்றி முடித்ததும் மனசு கேட்கவில்லை. எங்கள் செக்‌ஷனில் வார்னிஷ் போடாத காயிலை யாராவது வெளியே அனுப்புவார்களா? நிற்குமா அது? சுற்றிலும் பார்த்தேன். செல்வத்தின் வெள்ளைச் சட்டைக்கு என்று வடித்து வைத்த கஞ்சி, அடுப்படியில் குண்டான் நிறைய இருந்தது.

ஆமாம். அதேதான். ஒரு ரோலர் விடாமல் பூசினேன்.

வார்னிஷ் போட்டால் அடுத்தது ஓவன். மொட்டை மாடியில் நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, கொஞ்ச நேரம் காய வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ராத்திரியெல்லாம் விழித்த உடம்பு. உட்கார்ந்ததுதான் தெரியும்.

"ஏய் ஜோதி, எழுந்திரு புள்ள! தலையில என்னா, வத்தல் காயப் போட்டிருக்கியா? காக்கா சுத்துது பாரு!"

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. செல்வம் துண்டால் காக்கா ஓட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தொட்டேன். டொக் என்று சத்தம் வந்தது. ஒரு ரோலரைப் பிடித்து இழுத்தேன். கூடவே புருவமும் மேலே போனது. வேலை அவ்வளவு சுத்தம். எங்கள் குவாலிட்டிக்காரர் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பார்.

மஞ்சுளாக்கா ஓடிவந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "அய்யோ தேவரே! ஏனம்மா இது? நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணே?"

"கஞ்சி போட்டா நல்லா நிக்கும்னுதான்க்கா..."

"நிக்குது. இனிமே அது எங்கயும் போகாது."

வெந்நீரில் ஊற வைத்தால்தான் கழன்றுவரும். அன்றைக்குப் பார்த்து போர் மோட்டார் ரிப்பேர். காலையில் நான் குளித்ததோடு தொட்டி காலி. (நான் சாய்ந்து தூங்கியது காலித் தொட்டியில்தான்.) குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைச் சுட வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அக்கா ஒரு பக்கமும் செல்வம் ஒரு பக்கமும் உட்கார்ந்து பிரித்தார்கள்.

"கத்திரிக்கோல் எடுக்கட்டுமா?" என்றார் செல்வம்.

"பேட பேட! வெட்டினா மொட்டைதான். மொட்டையாவா இன்டர்வியூக்குப் போவா?"

"மொட்டையா இருந்தா மழமழன்னுதானேக்கா இருக்கும்."

அக்கா தெலுங்குக்கு மாறினார்.

முன்பக்கம் எல்லாம் வந்துவிட்டது. உச்சியில் கொத்தாகச் சுற்றியவை மட்டும் வரவே இல்லை. உள்ளே இன்னும் ஈரம், வெளியே பாறை. அதற்குள் கேன் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை அதன் மேலேயே கம்பெனி கேப்பை மாட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். கேப்புக்குள் ஒரு சின்ன மலைத்தொடர் தெரிந்தது.

உள்ளே பிளான்ட் மேனேஜரும் ஹெச்.ஆர். மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் சிரித்த முகமாக, "கேப்பைக் கழட்டிட்டு ரிலாக்ஸா உக்காருங்கம்மா" என்றார்.

"பரவாயில்ல மேடம், பழக்கம்."

"போட்டோ எடுக்கணும்மா. கழட்டுங்க."

கழட்டினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்னம்மா?"

மனப்பாடம் செய்து போயிருந்த இங்கிலீஷ் பதில்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அழ வேண்டும் போல இருந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது. கெட்டுப்போன காயிலுக்கு லைனில் சொல்கிற வார்த்தையை வாய் தானாகச் சொன்னது: "ரிஜெக்‌ஷன் சார்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி. உங்க லைன்ல ரிஜெக்‌ஷன் வந்தா என்ன செய்வீங்க? காரணம் சொல்லுங்க."

சொன்னேன். "ரோலரை விட அகலமா முடி எடுத்தது தப்பு சார். ஈரம் சொட்டச் சொட்டச் சுத்துனதால உள்ள காயல. கேக்காத எடத்துல கஞ்சி போட்டது அடுத்த தப்பு. தெரிஞ்சவங்க சொன்ன முறையை விட்டுட்டு, எனக்குத் தெரியும்னு செஞ்சேன். காயும்போது பக்கத்துல இருந்து பாக்க ஆள் இல்ல."

"ஏன் இல்ல?"

"ஆள் இருந்துச்சு சார். தூங்கிப்போச்சு. ராத்திரி ஷிப்ட்."

மேடம் ஃபைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. மேனேஜர் மட்டும் சிரிக்காமல், "இனிமே வராம இருக்க என்ன செய்யணும்?" என்றார்.

"முதல்ல தூங்கணும் சார்."

வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான், லீடருக்கும் ஷிப்ட் உண்டு, ஜெனரல் ஷிப்ட் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வருஷம் பஸ்ஸில் இப்போதுதான் கிருஷ்ணகிரி தாண்டி வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும்போது மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். "ஜோதிம்மா, அந்தக் கஞ்சிக் காயில் கதையைச் சொல்லுங்க" என்பார். நானும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்லுவேன்.

சாமல்பட்டியில் இன்னும் மோசம். வீட்டில் எந்த விசேஷமானாலும், பெண்கள் தலை வாரத் தொடங்கும்போது நான் வாசலில் கால் வைத்தால் போதும். என் மாமியார் உள்ளே பார்த்துச் சத்தம் போடுவார்:

"அடியே, ஜோதி வந்துட்டா! சோறு வடிச்ச கஞ்சிய மாட்டுக்கு ஊத்துங்கடி, சீக்கிரம்!"